மூன்றாம் முறை கூப்பிட்டபோது

மாரியம்மன் கோயில் வளைவோடு நப்ரீஸின் த்ரீவீல் நின்றுவிட்டது. அதற்கு மேலே தோட்டத்து லய வீடுகளுக்குப் போகும் பாதையை மழை அரித்துக் கல்லும் பள்ளமுமாக ஆக்கி வைத்திருந்தது. மணி மூன்றுதான். ஆனால் நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய மூடுபனி தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டு வந்தது.

“இதுக்கு மேல ஏறாது தங்கச்சி. நீங்க பையப் பைய நடங்க, சாமான நான் கொண்டு வாறேன்,” என்றான் நப்ரீஸ். பதுளை ஸ்டேசனில் ஏற்றியதிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடம் என்ன பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை போலும்.

ஜீவராணி முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்தபடி நடந்தாள். நாலரை மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறாள். போகும்போது நீளமான பின்னல் இருந்தது. இப்போது தலையில் சால்வை. அதற்குள்ளே குழந்தைக்கு முளைப்பதுபோல அரை விரல் முடி. அதுவும் சுருட்டை முடி.

அவள் முடி பிறவியிலேயே நேரானது. அக்கா விஜயலெட்சுமியின் முடிதான் சுருட்டை.

லயத்தின் முன் திண்ணையில், இஸ்தோப்பில் நின்றிருந்த ஐந்து வயது டிலுக்ஷி, பனிக்குள்ளிருந்து வரும் உருவத்தைப் பார்த்தாள். பார்த்தவள் ஒரே ஓட்டமாக ஓடி வந்து ஜீவராணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா!”

அம்மா பெரியாயி பதறிப்போய்ப் பேத்தியைப் பிரித்தாள். “சித்திடி இது. ராணிச் சித்தி. தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

டிலுக்ஷி நகரவில்லை. மூக்கைச் சித்தியின் சேலையில் அழுத்தி ஒருமுறை இழுத்து மோந்தாள். “அம்மா வாசம் அடிக்குது,” என்றாள்.

 டிலுக்ஷியின் அம்மா விஜயலெட்சுமியைப் புதைத்து அன்றைக்கு ஆறு நாள்.

ஜீவராணியின் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமே கெட்டுப்போயிருந்தது. கொழும்புப் பக்கம் மகரகம ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி அதைச் சுத்தமாக அழித்துவிட்டு, அக்காவின் உடம்பிலிருந்து எடுத்த, புது ரத்தம் ஊறவைக்கும் மூலக்கலங்களை ஏற்றினார்கள். விஜி இரண்டு கைகளிலும் ஊசி குத்திக்கொண்டு நாலு மணி நேரம் மெசினோடு உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அவள் வாய் ஓயவில்லை. “பாத்துக்க ராணி, என் ரத்தம் ஏறிருச்சின்னா நீயும் கருவாடு திங்க ஆரம்பிச்சிருவ,” என்று சிரித்தாள். ஜீவராணிக்குக் கருவாட்டு வாசமே ஆகாது. அக்காவுக்கோ கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. எத்தனை உப்புப் போட்டு ஆக்கினாலும் முதல் கவளத்திலேயே, “உப்பு பத்தலம்மா,” என்று அம்மாவை வம்புக்கு இழுக்காமல் அவள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

அப்பா போனபோது விஜிக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். தங்கச்சி படித்து முன்பள்ளி டீச்சர் ஆனாள். டிலுக்ஷி பிறந்த வருடம் கொழும்புக்கு வேலைக்குப் போன புருசன் திரும்பி வரவே இல்லை. அதற்கும் விஜி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி அழவில்லை.

தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். விஜியால் ஓட முடியவில்லை.

ஜீவராணியை அடக்கத்துக்கு அனுப்ப டொக்டர்மார் சம்மதிக்கவில்லை. அம்மா மட்டும் வந்து மண் போட்டுவிட்டுத் திரும்பினாள். அந்த நாட்களில் ஜீவராணி வார்டுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். தன் கையில் ஓடும் பச்சை நரம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அக்கா மண்ணுக்குள் இருந்தாள். அக்காவின் ரத்தம் இங்கே சுடச்சுட ஓடிக்கொண்டிருந்தது.

வார்டில் தமிழ் தெரிந்த ஒரு தாதி, பெரிய டொக்டர் சொன்னதை அம்மாவுக்கு விளக்கியிருந்தாள். “அக்காவோட செல்லு இனி இவங்க ஒடம்புல உயிரோட இருக்கும். ஆனா அதுக்கு இது அன்னிய வீடு. வீட்டுக்காரரையே எதிரின்னு நெனச்சு அடிக்கப் பாக்கும். அப்புடி அடிக்காம இந்த மருந்து அதோட பலத்தக் கொறச்சு வைக்கும். காலைல எட்டு, ராவைக்கு எட்டு. ஒரு நேரமும் தவற விடாதீங்க அம்மா.”

பெரியாயி தலையாட்டினாள். அப்போது விஜி உயிரோடு இருந்தாள்.

மறுநாள் விஜிக்கு எட்டாம் நாள் படையல்.

லயத்தின் பெரிய அறையான காம்பராவில் விஜியின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தார்கள். சோறு, கொறுக்காப்புளி போட்ட கருவாட்டுக் குழம்பு, தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், ஒரு கோப்பைச் சாயத்தண்ணி, அந்தத் தேநீரோடு கடித்துக்கொள்ளக் கருப்பட்டி. “உப்ப அள்ளித்தான் போட்டிருக்கேன். இன்னைக்காவது கொற சொல்லாம சாப்புடட்டும்,” என்று பெரியாயி மூக்கைச் சிந்தினாள். பக்கத்துக் காம்பரா கருப்பம்மா வாசற்படிக்கு உட்பக்கம் சலித்த சாம்பலைத் தூவி, ஒரு தும்பு இல்லாமல் சமப்படுத்தினாள். வந்து போனால் கால் தடம் தெரியும்.

பிறகு கதவைச் சாத்தினார்கள். சொந்தபந்தம் எல்லாம் இஸ்தோப்பில் நின்றது. வீட்டுக்காரர் ஒருவர் செத்தவரின் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் அதற்குப் பதில் கொடுக்கக் கூடாது. மூன்றாவது கூப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் மூச்சுச் சத்தம்கூட எழாமல் காத்திருந்து, அப்புறம்தான் கதவைத் திறப்பார்கள்.

கூட்டத்தில் நிற்கக் கூடாது என்பதால் ஜீவராணி அடுப்படிக் குசினியை ஒட்டிப் பலகையடித்த சின்ன அறையில் கட்டிலில் படுத்திருந்தாள். பலகை இடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து கொசுவலையை ஈரமாக்கியது. கருவாட்டு வாசம் வந்தது. எப்போதும்போலக் குமட்டவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“விஜயலெட்சுமீ... வாடி ஆத்தா.”

அம்மாதான் கூப்பிட்டாள்.

“விஜயலெட்சுமீ... வந்து சாப்புடு தாயி.”

கூரைத் தகரத்தில் பனி சொட்டியது. ஜீவராணியின் உள்ளங்கைகள் திடீரென்று சூடாயின. நெருப்புக்கு நேரே காட்டியதுபோலச் சூடு.

“விஜயலெட்சுமீ...”

“இந்தா வாறேம்மா.”

பதில் மிக அருகில் கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அல்ல. கூரையிலிருந்தும் அல்ல.

ஜீவராணி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தபோது சாம்பல் தூவியது தூவியபடி இருந்தது. இலையில் ஒரு பருக்கை கலையவில்லை. சாயத்தண்ணியின் மேலே ஆடை படிந்திருந்தது. “வரலியே... எம்புள்ள வரலியே,” என்று பெரியாயி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கருப்பம்மா குனிந்து அவள் காதில் சொன்னது பலகை வழியாக ஜீவராணிக்கும் கேட்டது. “அவ இன்னும் போகல பெரியாயி. போனாத்தானே திரும்பி வாறதுக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சின்ன அறையின் வாசலில் வந்து நின்றாள். “நீயா பதில் சொன்ன?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா.”

அம்மா திட்டவில்லை. கிட்ட வந்து, சால்வையை விலக்கி, அந்தச் சுருட்டை முடியை மெல்லத் தடவிக் கொடுத்தாள். அம்மாவின் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தாள் ஜீவராணி. பயம் இல்லை. தொலைந்துபோன பொருள் வீட்டுக்குள்ளேயே கிடந்து அகப்பட்டதுபோல ஒரு வெளிச்சம் இருந்தது.

அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

நாட்கள் மெல்லப் போயின. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் அம்மா பால் கொண்டுவந்து கொடுப்பாள். அதற்குள்தான் மருந்து. கொழும்பில் இருந்தபோது அந்த மருந்தைக் குடிப்பது பெரும்பாடு. பழைய எண்ணெயும் சாராயமும் கலந்தாற்போல ஒரு கெட்ட வாடை அடிக்கும். இப்போது அந்த வாடையே தெரியவில்லை. பழகிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஏற்கனவே அவள் வாய்க்கு ருசி என்று ஒன்று இல்லை. மருந்து ஏற்றிய நாளிலிருந்து சீனியும் உப்பும் அவள் நாக்குக்கு ஒன்றுதான்.

வாரம் இரண்டு போயிருக்கும். ஒரு நாள் விடியலில், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் பேசிக்கொண்டு லயத்தைக் கடக்கும் சத்தத்தில் கண் விழித்தாள். தன் கைகளைப் பார்த்தாள்.

இரண்டு கை விரல்களும் போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தன. கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டன. மறுபடி கிள்ளின. அவள் ஒரு நாளும் கொழுந்து எடுத்தவள் அல்ல.

நிறுத்தப் பார்த்தாள். உடனே நிற்கவில்லை.

அன்று பின்னேரம் அந்தச் சத்தம் வந்தது.

மலையிலிருந்து வந்ததும் இஸ்தோப்புத் திண்டில் உட்கார்ந்து பத்து விரலுக்கும் நெட்டி எடுப்பது விஜியின் பழக்கம். இடது சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக. நடுவிரலுக்கு மட்டும் சுள்ளி முறிவதுபோலப் பெரிய சத்தம் வரும். “கை கழண்டு விழப்போகுதுடி,” என்று அம்மா வைவாள்.

டக்.

ஜீவராணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

டக். பிறகு, நடுவிரல்.

இஸ்தோப்பில் யாரும் இல்லை. பனிதான் வந்து அமர்ந்திருந்தது.

நாலு. ஐந்து. சத்தம் வெளியே இல்லை. அறைக்குள்ளேதான். கட்டிலில்தான். அவள் கைகளை அகல விரித்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு விரலும் அசையவில்லை.

பத்தும் முடிந்த பிறகுதான் சத்தம் நின்றது. உள்ளங்கை இரண்டும் செக்கச் செவேலென்று சிவந்திருந்தன.

பதுளை கிளினிக்கில் டொக்டர் றுஷ்தா அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளங்கால்களை, காது மடல்களை, கழுத்தின் பின்புறத்தை. எல்லா இடத்திலும் வெந்ததுபோல ஒரே சிவப்பு. வீட்டில் கவனிக்காத இடங்களும் டொக்டரின் விளக்கொளியில் தெரிந்தன.

“ஜி.வி.எச்.டி.ன்னு சொல்லுவோம் தங்கச்சி. குடுத்தவங்களோட செல்லு, வாங்கினவங்களோட ஒடம்ப அடிக்கத் தொடங்குறது. மொதல்ல தோலு. அப்புறம் கொடலு, ஈரலு. மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்க தானே?”

“ரெண்டு நேரமும் அம்மா கையால தாறாங்க டொக்டர்.”

டொக்டர் பெரியாயியைப் பார்த்தார். பெரியாயி தன் சேலை முந்தானையைப் பார்த்தாள்.

“ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். கொழும்புக்கு அனுப்புறேன். நாலு நாள்ல தெரியும். அதுவரைக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுங்க அம்மா. வயித்தால போனாலோ, கண்ணு மஞ்சளானாலோ ஒரு நிமிசம் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க. இது வெளையாட்டு இல்ல. உயிர் போற காரியம்.”

திரும்பி வரும்போது நப்ரீஸ் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். “என்ன ஆச்சி, டொக்டர் என்ன சொல்றா?”

“ஒண்ணுமில்ல தம்பி,” என்றாள் பெரியாயி. “விஜிக்கு லேசா ஒடம்பு சூடு.”

நப்ரீஸின் கை ஹேண்டிலில் ஒரு கணம் நின்றது. அவன் ஒன்றும் திருத்தவில்லை. ஜீவராணியும் திருத்தவில்லை. திருத்த வாயெடுத்தாள், ஆனால் வாய்க்குள்ளும் உதட்டோரத்திலும் வெடித்துப் புண்ணாகியிருந்தது.

அடுத்த இரண்டு நாளில் தோல் உரியத் தொடங்கியது. உள்ளங்கையிலிருந்து வெள்ளை வெள்ளையாக, பாம்புச் சட்டைபோல. கீழேயிருந்து எட்டிப் பார்த்த புதுத்தோலில் நேர்கோடுகள் ஓடின. கொழுந்து கிள்ளிக் கிள்ளி அக்காவின் ஆட்காட்டி விரலில் விழுந்திருந்த வெட்டுக்களைப்போலவே அவை இருந்தன.

வயிறு பச்சைத் தண்ணீராகப் போயிற்று. எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கேட்டபோதெல்லாம் அம்மா, “வெயில் வரட்டும், பனி அடங்கட்டும்,” என்று தள்ளினாள். டிலுக்ஷி மட்டும் கதவடியில் பாய் விரித்துக் காவல் இருந்தாள்.

“சித்தி, ஒங்களுக்கு நோகுதா?”

“ஆமா குட்டி.”

“எங்கம்மாவுக்கு நோகல. அம்மாயி சொன்னாங்க. நோகக் கூடாதுன்னுதானே மருந்த ரோசாச் செடிக்கு ஊத்துறாங்க.”

ஜீவராணிக்கு முதலில் விளங்கவில்லை.

விளங்கியபோது, பலகைச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினி வாசலுக்குப் போனாள். அங்கிருந்து நாலடி தூரத்தில் பழைய பெயின்ட் வாளியில் நட்ட ரோசாச் செடி. குனிந்தாள்.

பழைய எண்ணெயும் சாராயமும் கலந்த அந்த வாடை மூக்கில் குப்பென்று ஏறியது.

வாடை அவளுக்குப் பழகிப் போயிருக்கவில்லை. பாலில் மருந்தே இருந்ததில்லை.

நிமிர்ந்தாள். அம்மா நின்றிருந்தாள். கையில் தண்ணீர்க் குடம். மத்தியானம்தான், ஆனால் பனி லயத்தை மூடி, அடுத்த வீட்டுக் கதவுகூடத் தெரியாமல் ஆக்கியிருந்தது.

“ஏம்மா?” என்றாள் ஜீவராணி.

பெரியாயி குடத்தை இறக்கி வைத்தாள். “அந்த நர்ஸ் புள்ள என்னா சொன்னா? அக்கா ஒன் ஒடம்புல உசுரோட இருக்கான்னு சொன்னாளா இல்லியா? இந்த மருந்து அவ பலத்தக் கொறைக்கும்னு சொன்னாளா இல்லியா?”

“அம்மா...”

“பதினாறு வயசுல கூடைய மாட்டிவிட்டேன். பேசாமப் போனா. அந்தப் பய விட்டுட்டுப் போனான். பேசாம இருந்தா. ஒனக்கு ரத்தம் குடுன்னேன். சிரிச்சுக்கிட்டே குடுத்தா. அந்த அசதியிலதான் குளவிக்கு ஓட முடியாமப் போச்சுன்னு லயமே பேசுது. உசுரோட இருந்த வரைக்கும் அவளத் தலையெடுக்க விடல. செத்த பொறகாவது... காலையில ஒருக்கா, ராவைக்கு ஒருக்கா, என் கையாலயே அவ கழுத்த நெரிக்கச் சொல்றியா? அன்னைக்கு நான் கூப்புட்டப்ப, வாறேம்மான்னு சொன்னாடி. எங்கிட்டதான் சொன்னா.”

சொல்லிவிட்டுப் பெரியாயி குழந்தையைப்போல அழுதாள். ஜீவராணிக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளை ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிற ஒருத்தியிடம் எப்படிக் கோபப்படுவது?

அப்போதுதான் கேட்டது.

டக்.

அம்மா அழுகையை நிறுத்தினாள். டிலுக்ஷி கதவடியிலிருந்து எழுந்தாள். மூவரும் கேட்டார்கள்.

டக். சுள்ளி முறிவதுபோல, நடுவிரல்.

“பாத்தியா,” என்றாள் அம்மா கிசுகிசுப்பாக. “பாத்தியா.”

 ஜீவராணி குசினிப் படியில் உட்கார்ந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. உரிந்த கைகளை மடியில் ஏந்தி, அந்தக் கைகளைப் பார்த்தே பேசினாள்.

“அக்கா. ஒனக்கு இங்க எடம் இருக்கு. நான் போன்னு சொல்லமாட்டேன். நீ இல்லாட்டி நானும் இல்ல. ஆனா இது நான் இருக்கிற வீடு. என்னைய வெளிய தள்ளிட்டு நீ எங்கக்கா இருப்ப?” பிறகு தலையைத் தூக்கினாள். “அம்மா, நான் செத்தா அவளுந்தாம்மா சாவா. இந்தத் தடவ ரெண்டு பேரையும் ஒரே குழியில போடணும்.”

சத்தம் நின்றது. எத்தனையாவது விரலில் நின்றது என்று யாரும் எண்ணவில்லை.

 பெரியாயி லயமே அதிரும்படி கத்தினாள். “கருப்பம்மோவ்! அந்த நப்ரீஸ் தம்பிக்கு ஒரு கோல் போடு! எம்புள்ள போயிருவா போல இருக்கு! ஓடியா!”

எந்தப் பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் குசினிக்குள் ஓடி, மருந்தைச் சிரிஞ்சால் அளந்து, அவள் கொண்டுவந்து ஊட்டியது ஜீவராணியின் வாயில்தான். ஊட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, “பொறுத்துக்க ஆத்தா, பொறுத்துக்க,” என்று முணுமுணுத்தாள். அது மூத்தவளுக்குச் சொன்னது.

ஆஸ்பத்திரியில் ஏழு வாரம். முதல் பத்து நாள் டொக்டர் றுஷ்தா எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஸ்டீரொய்ட் ஊசியில் ஜீவராணியின் முகம் பூசணிக்காயாக ஊதிற்று, பிரஷர் ஏறிற்று, மெல்ல மெல்லத் தோல் ஆறியது, கண்ணின் மஞ்சள் இறங்கியது. அம்மா செய்ததை அம்மாவே டொக்டரிடம் சொல்லிவிட்டாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம். “இனிமே ஒழுங்கா குடுங்க அம்மா,” என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போது, “உப்பக் கொறைங்க. பாதிக்குப் பாதி. பிரஷர் கூடுச்சின்னா பெரிய வில்லங்கம்,” என்றார்.

பெரியாயி அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். இரண்டு சட்டி வைக்க அடுப்பில் இடமில்லை. வீட்டுக்கே ஒரே சட்டி, ஒரே அரை உப்பு. டிலுக்ஷி முகம் சுளித்தாள், கருப்பம்மா குழம்பு கேட்பதையே விட்டுவிட்டாள். ஆனாலும் பெரியாயியின் கை உப்புச் சிரட்டையில் பாதியிலேயே நின்று பழகிவிட்டது. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மருந்தின் கெட்ட வாடை வீடெங்கும் அடித்தது. ஜீவராணி அதை மோந்து பார்த்து, திருப்தியோடு குடித்தாள்.

விரல் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. முடி மட்டும் சுருண்டு சுருண்டு தோளைத் தொட்டது.

வருசம் திரும்பியது. வருசப் படையல் வந்தது.

அதே காம்பரா, அதே படம், அதே இலை. கொறுக்காப்புளி போட்ட கருவாட்டுக் குழம்பு. கருப்பம்மா சாம்பலைத் தூவினாள். இம்முறை ஜீவராணி தனி அறையில் படுத்திருக்கவில்லை. டிலுக்ஷியின் கையைப் பிடித்தபடி எல்லோரோடும் இஸ்தோப்பில் நின்றாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் புரிந்துகொண்டு, மற்றக் கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

“விஜயலெட்சுமீ... வாடி ஆத்தா.”

மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“விஜயலெட்சுமீ... வந்து சாப்புடு தாயி.”

உள்ளங்கை சூடாகவில்லை. ஜீவராணி மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டாள்.

“விஜயலெட்சுமீ...”

யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் போயிற்று. கூட்டம் மூச்சுவிட்டது. பெரியாயி கதவைத் திறந்தாள். சாம்பலில் ஒரு தடமும் இல்லை. ஆனால் இலையில் சோற்றின் ஓரம் நாலு விரலால் அள்ளியதுபோலக் குழிந்து, அதில் குழம்பு இறங்கியிருந்தது.

கருப்பம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “வந்துட்டா... வந்து சாப்பிட்டுட்டா பெரியாயி. இனி ஒனக்கு மனசு ஆறும்.”

 குழிந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்த பெரியாயி, எதையோ நினைத்துக்கொண்டவளாக மெல்லத் தன் நெஞ்சில் கை வைத்தாள். இன்றைக்குக் குழம்பு கூட்டியபோது அவளுடைய கை, பழக்கத்தில், உப்புச் சிரட்டையின் பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது.

அந்த அமைதிக்குள், மிக அருகில், சலிப்பும் சிரிப்புமாக ஒரு குரல் கேட்டது.

“உப்பு பத்தலம்மா.”

எல்லோரும் திரும்பி ஜீவராணியைப் பார்த்தார்கள்.

அவள் கை இன்னும் அவள் வாயை இறுகப் பொத்தியபடியேதான் இருந்தது. அதற்குள்ளே, ஒரு வருசத்துக்கு மேலாக எந்த ருசியும் அறியாத அவளுடைய நாக்கில், கொறுக்காப்புளியின் புளிப்பு மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.